பனி அள்ளும் மெஷினும் நான் இறுக்கிய பெல்ட்டும்

ஆஸ்திரேலியா எப்படி என்று சுன்னாகம் சந்தையில் ஆட்கள் கேட்டால், "நல்ல குளிர்" என்று சொல்லிவிட்டு மரக்கறிப் பக்கம் திரும்பிவிடுவேன். மகளுடன் மூன்று மாதம் நின்றுவிட்டு வந்தவன் இதைவிடக் கொஞ்சம் கூடச் சொல்லலாம்தான். கங்காரு பார்த்தீர்களா என்பார்கள். பார்த்தேன், றோட்டோரம் செத்துக் கிடந்தது. பனி பார்த்தீர்களா என்றால் மட்டும் எனக்கு வாய் வராது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மகள் மஞ்சுளா இருப்பது மெல்பேர்ன் பக்கம், கிரான்பர்னில். வீடுகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. முதல் கிழமையே நடக்கப் போய்விட்டு வந்து, ஒரு பஞ்சாபிக்காரர் வீட்டுக் கதவைத் தட்டி, "பிள்ளை, கதவைத் திற" என்று கத்தினேன். தலைப்பாகையோடு கதவைத் திறந்த பெரியவர் என்னை உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி தந்தார். பிறகு இரண்டு பேரும் தினமும் சேர்ந்து நடந்தோம். அவர் பேசுவது எனக்கு விளங்காது, நான் பேசுவது அவருக்கு விளங்காது. எங்களுக்குள் ஒரு சண்டையும் வரவில்லை.

மருமகன் கேதீஸ் ஒரு பெரிய களஞ்சியத்தில் சாமான் தூக்கும் வண்டி ஓட்டுகிறார். "மாமாவைப் பனி காட்டாமல் அனுப்பக்கூடாது" என்று இரண்டு பேரும் லீவு போட்டார்கள். மலையில் ஒரு சின்ன ஊர், அங்கே ஒரு வீட்டின் கீழ்த்தளம் நாலு நாளைக்கு எங்களுக்கு.

போகும் வழியில் ஒரு வெதுப்பகத்தில் இறைச்சி அடைத்து வெதுப்பின, 'பை' (pie) என்கிற மாப்பண்டம் சாப்பிட்டோம். எங்கள் மட்டன் ரோல்சுக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்று சொல்லலாம், உறைப்பு மட்டும் செத்துப்போனது. கூடவே தக்காளிச் சோஸ், ஒரு பிளாஸ்டிக் பெட்டியில். நடுவில் மடித்து நசுக்க வேண்டுமாம். நான் நசுக்கிய நசுக்கில் சோஸ் பக்கத்து மேசைக்காரரின் முழங்கையில் போய் விழுந்தது. அவர் அதை விரலால் வழித்துத் தன் மாப்பண்டத்திலேயே பூசிக்கொண்டார். நல்ல மனிதர்.

மலையடிவாரத்தில், பனியில் வழுக்காமலிருக்கக் கார்ச் சில்லுக்குச் சங்கிலி கட்ட வேண்டும். கேதீஸ் போனில் வீடியோவைப் பார்த்துப் பார்த்து, விரல் விறைக்க விறைக்க, முக்கால் மணித்தியாலம் பாடுபட்டுக் கட்டினார். கார் நகரவில்லை, சில்லு இருந்த இடத்திலேயே சுழன்றது. லொறி ஓட்டி வந்த ஒரு பெண் இறங்கிப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னாள். மஞ்சுளா சிரிப்பை அடக்கிக்கொண்டு எனக்குச் சொன்னாள்:

"இது முன்சில்லு இழுக்கிற காராம் அப்பா. இவர் பின்சில்லுக்குச் சட்டை போட்டிருக்கிறாராம்."

நான் அடக்கவில்லை, வாய்விட்டுச் சிரித்தேன். "தம்பி, எது எதை இழுக்குதெண்டு தெரியாமல் மெஷினில கை வைக்கிறதோ?"

கேதீஸ் குனிந்து சங்கிலியைக் கழற்றினார். அன்று பின்னேரம் வரைக்கும் அந்தப் பகிடியை நான் மூன்று தரமாவது சொல்லியிருப்பேன்.

வீட்டுக்காரி புஷ்பம், ஈப்போவில் பிறந்த மலேசியத் தமிழர். தாதியாக வேலை செய்தவர், அறுபத்தாறு வயது. கழுத்தில் சின்னச் சிலுவை, காலில் முழங்கால் வரை சப்பாத்து. நாங்கள் இறங்கினதும் கேட்ட முதல் கேள்வி, "பசியாறிட்டீங்களாண்ணே?"

சாப்பிட்டாச்சா என்பதைத்தான் அவர்கள் அப்படிக் கேட்பார்களாம். பசி ஆறியதா என்று ஒருவர் விசாரித்து எனக்குக் கனகாலம். அந்த ஒரு சொல்லிலேயே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

புருஷன் ரோய் ஒரு வெள்ளைக்காரர். அந்த மலையில் பனி தள்ளும் பெரிய வாகனம் ஓட்டியவர், செத்து இரண்டு மாரி ஆகிறது. ஒரே மகன் ஜெரோம் சிட்னியில், டூங்கபியில் வீடு, பரமட்டாவில் வேலை. தினமும் பின்னேரம் போன் எடுத்து, அம்மா கீழே வந்துவிடு என்று ஒரே பாட்டுத்தான்.

"நான் இங்க விழுந்தா பனி தாங்கும். அங்க விழுந்தா மருமக தாங்கணும். பனியே பரவால்லலா" என்றார் புஷ்பம். மஞ்சுளா விழுந்து விழுந்து சிரித்தாள்.

மறுநாள் காலை வாசலில் முழங்கால் உயரத்துக்குப் பனி. வெளியே ஒரு மெஷின் அலறியது. எட்டிப் பார்த்தேன். புஷ்பம் இரண்டு கைப்பிடியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார். அதன் முன்னால் வாய் திறந்த ஒரு தகரப் பெட்டி. பெட்டிக்குள் தேங்காய் துருவும் திருவலை மாதிரிப் பல்லு வைத்த ஒரு இரும்புச் சுருள். அது பனியைக் கடித்து உள்ளே இழுக்க, பின்னால் ஒரு விசிறி அதை வளைந்த குழாய் வழியாகத் தூர எறிய வேண்டும். எறிய வேண்டியது ஒரு முழத்துக்கப்பால் பொத்தென்று விழுந்தது. அப்போதுதான் அந்த மணம் வந்தது. ரப்பர் எரிகிற மணம்.

அந்த மணம் என்னை எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதன் பிறகு நாற்பது வருஷம் அரைக்கிற மில்லில் நின்றேன். மில்லில் பெல்ட் வழுக்கினால் மிளகாய் கருகும். கருகின மிளகாயை எந்தப் பெண்பிள்ளையும் வீட்டுக்குக் கொண்டு போகமாட்டாள், முகத்தில் எறிந்துவிட்டுப் போவாள். சண்டைக் காலத்தில் பெல்ட் கிடைக்காமல் சைக்கிள் ரியூப்பை வெட்டித் தைத்தும் ஓட்டியிருக்கிறேன். தொய்ந்த பெல்ட் என்றால், கட்டின வேட்டி தெருவில் அவிழ்ந்தமாதிரி எனக்கு.

"நிப்பாட்டுங்கோ தங்கச்சி! பெல்ட் வழுக்குது" என்று கத்திக்கொண்டு வெளியே போனேன், சப்பாத்து இல்லாமல்.

புது பெல்ட் ரோய் வாங்கி வைத்ததாம், இரண்டு, கொட்டிலில் ஆணியில் தொங்கியது. ஒன்று இரும்புச் சுருளுக்கு, மற்றது சில்லுக்கு. மாட்ட முதல் மனிதர் போய்விட்டார். மெக்கானிக் மேலே வர அடுத்த கிழமை ஆகுமாம். புஷ்பம் ஒரு புத்தகத்தையும் எடுத்து வந்தார்.

"நான் படிச்சுச் சொல்றேன், நீங்க செய்யுங்கண்ணே."

"நாற்பது வருசம் பெல்ட்டோட சீவிச்சவன் தங்கச்சி. எனக்கு எதுக்குப் புத்தகம்?"

அப்படிச் சொன்னதற்கு உண்மையான காரணம் வேறு. எனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது. அவர் வாசிக்க, நான் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கேட்டுக்கொண்டு நிற்பதை மருமகன் பார்ப்பாரே என்று வெட்கம்.

வேலை நல்ல வேலைதான், அதில் பொய் இல்லை. முதலில் பிளக்கின் வயரைக் கழற்றச் சொன்னார் புஷ்பம், கழற்றினேன். பெற்றோல் மூடிக்குக் கீழே ஒரு பொலித்தீனைக் கொடுத்து இறுக்கினேன், மெஷினைச் சரித்தால் சிந்தாது. அடித்தகட்டைக் கழற்றி, பெல்ட்டை மூடின பிளாஸ்டிக்கைக் கழற்றி, நடுவில் இருந்த போல்ட்டுகளையும் எடுத்தால், மெஷின் இரண்டாகப் பிளந்து வாய் ஆவென்று நிற்கிறது. பழைய பெல்ட் கருவாட்டுத் தோல் மாதிரி வெடித்திருந்தது. புதியவை இரண்டையும் கப்பியில் மாட்டினேன். கையோடு எண்ணெய் பார்த்தேன், அச்சுக்குக் கிறீஸ் வைத்தேன், பிளக்கைத் தேய்த்தேன்.

பொருத்தி முடித்துப் பார்த்தால், சுருளின் பெல்ட் தொய்ந்து கிடக்கிறது. பெல்ட்டை ஒரு சின்னக் கப்பி அழுத்தும். அந்தக் கப்பியைக் கைப்பிடியிலிருந்து வருகிற கேபிள் இழுக்கும். பிடித்தால் இறுகும், விட்டால் தொய்யும். போதாக்குறைக்கு, கையை விட்டதும் ஒரு ரப்பர்க் கட்டை வந்து புது பெல்ட்டில் உரசுகிறது. புது பெல்ட்டை இது தின்னப் போகிறதே என்றுதான் என் மூளை ஓடியது. மில்லில் புது பெல்ட்டைக் கொஞ்சம் இறுக்கமாகத்தான் போடுவோம், ஓட ஓடத் தன்பாட்டில் இளகும். கேபிளைத் திருகி நன்றாக இறுக்கினேன். ரப்பர்க் கட்டையைக் குறட்டால் வளைத்து விலக்கினேன்.

கேதீஸ் குனிந்து பார்த்தார். "மாமா, அந்த ரப்பரை ஏதோ ஒரு காரணத்துக்குத்தானே வைச்சிருப்பாங்கள்?"

"ஓம் தம்பி. பின்சில்லுக்குச் சங்கிலி கட்டினமாதிரி."

அவர் நிமிர்ந்து உள்ளே போய்விட்டார்.

மெஷினை இயக்கினேன். கைப்பிடியை நான் தொடவேயில்லை. முன்னால் இரும்புச் சுருள் மெல்ல மெல்லச் சுற்றியது. அதை நான் கண்டேன். கண்ணில் படவில்லை என்று எழுதலாம், ஆனால் கண்டேன். புது பெல்ட், இரண்டு நாள் ஓடினால் இளகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு பிடியை அழுத்தித் தள்ளினால், பனி வேலிக்கு அங்கால் போய் விழுகிறது. புஷ்பம் கை தட்டினார்.

"ரோய் இருந்தப்போகூட இப்படிப் பறந்ததில்லண்ணே!"

அன்று பகல் எனக்காகத் தேங்காய்ப்பால் விட்ட சோறும் நெத்தலிச் சம்பலும் வைத்தார். எங்கள் வீட்டுப் பாற்சோறு வாய்க்குள் கரையும். இது சோறு சோறாக நிற்கும், சம்பல் இனிப்போடு உறைக்கும். இரண்டாம் தரமும் போடச் சொல்லிச் சாப்பிட்டேன். மஞ்சுளா போனில் தன் சிநேகிதிகள் எல்லோருக்கும் "அப்பா மெஷினைத் திருத்திப்போட்டார்" என்று படம் அனுப்பினாள்.

மூன்றாம் நாள் காலை ஈரப் பனி. நான் ஜன்னலோரம் கதிரையில் தேத்தண்ணியோடு இருந்தேன். புஷ்பம் வாசலைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தார். குழாய் அடைத்துவிட்டது. அவர் இரண்டு கைப்பிடியையும் விட்டார். விட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுத்தார். எஞ்சினை நிற்பாட்டவில்லை. அது பிழைதான். ஆனால் விட்டால் சுருளும் விசிறியும் நின்றுவிடும் என்று இத்தனை மாரியாக அவர் கை பழகியிருந்தது. குழாய் அடைத்திருந்ததால் உள்ளே சுற்றுவது வெளியே தெரியவும் இல்லை. அடைப்பு எடுக்கிற தடியை வாய்க்குள் விட்டார்.

தடியை மெஷின் பறித்தது, பிடித்திருந்த கையையும் கூடவே இழுத்தது. ஒரு சத்தம். தேத்தண்ணி என் மடியில் கொட்டியது எனக்குச் சுடவில்லை.

கேதீஸ் ஓடிப்போய் எஞ்சினை நிற்பாட்டினார். வெள்ளைப் பனியில் சிவப்பு எவ்வளவு தூரம் பரவும் என்று நான் அதுவரை பார்த்ததில்லை. வலது கையில் இரண்டு விரல் முறிவு, நடுவிரலின் நுனி போய்விட்டது. தாதி அல்லவா, துவாயைத் தானே இறுக்கிச் சுற்றிக்கொண்டு, "கைய மேல தூக்கிப் பிடிங்க, பதறாதீங்க" என்று எங்களுக்குச் சொன்னார். மஞ்சுளாவும் கேதீஸும் அவரைக் காரில் ஏற்றி அடிவாரத்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

வீட்டில் நானும் மெஷினும்.

அதன் பிறகு நான் செய்ததை இன்றுவரை ஊரில் என் மனைவிக்கும் சொல்லவில்லை. கொட்டிலுக்குப் போய், ரப்பரை வளைத்த அந்தக் குறட்டை எடுத்தேன். பிளக்கின் வயரைக் கழற்றினேன். உள்ளே சிக்கியிருந்த தடியையும் பனியையும் இழுத்து எடுத்தேன். கேபிளைத் தளர்த்தினேன். ரப்பர்க் கட்டையைப் பழையபடி வளைத்துப் பெல்ட்டில் படவைத்தேன். வயரைப் பூட்டி இயக்கிப் பார்த்தேன். பிடித்தால் சுற்றுகிறது, விட்டால் டக்கென்று நிற்கிறது. இன்னொருவருக்கு இப்படி நடக்கக்கூடாது என்றுதான் செய்கிறேன் என்று வாய்விட்டுச் சொன்னேன், பக்கத்தில் ஒருவரும் இல்லாதபோதும். பிறகு குறட்டைத் துடைத்து, இருந்த இடத்தில் வைத்தேன். துடைத்த கைக்குத் தெரியும் எதற்காகத் துடைத்தது என்று.

அடுத்த நாள் சிட்னியிலிருந்து ஜெரோம் வந்தார். நல்ல உயரம், கண் மட்டும் தாயின் கண். புஷ்பம் கைக்கட்டோடு கதிரையில் இருந்து, "நான் பிடிய விட்டேன்டா. விட்டுட்டுத்தான் கைய உள்ள விட்டேன். அது நிக்கல" என்று தமிழிலும் இங்கிலீசிலும் சொன்னார். ஜெரோம் வெளியே போய் மெஷினை இயக்கினார். பிடித்தார், விட்டார். நின்றது. திரும்பவும் பிடித்தார், விட்டார். நின்றது. ஐந்து தரம் செய்தார். நான் ஜன்னலுக்குள்ளால் ஐந்தையும் பார்த்தேன்.

உள்ளே வந்து தாயின் முன்னால் முழந்தாளிட்டு, குரலை உயர்த்தாமல் என்னவோ சொன்னார். மஞ்சுளா எனக்குக் காதோடு சொன்னாள்:

"அம்மா, நீங்கள் பிடியை விடேல்லை, விட்டதா நினைச்சிருக்கிறீங்கள் எண்டு சொல்லுறார். அதுதான் தனக்குப் பயமாம்."

புஷ்பம் தன் கைக்கட்டைப் பார்த்தார்.

"அப்படியாத்தான் இருக்குமோ" என்றார்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஜெரோம் என்னிடம் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். மெஷினைத் திருத்தித் தந்ததற்கு நன்றியாம். நான் தலையை ஆட்டினேன்.

கிரான்பர்னுக்குத் திரும்பும் வழியில் கேதீஸ் அந்த ரப்பரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கண்ணாடிக்குள்ளால் இரண்டு தரம் என்னைப் பார்த்தார். நான் மரங்களைப் பார்த்தேன். அதே வெதுப்பகத்தில் நிறுத்தினார்கள், பசிக்கவில்லை என்று காருக்குள்ளேயே இருந்தேன்.

பிறகு எட்டு ஒன்பது நாள். பஞ்சாபிப் பெரியவர் நடக்கக் கூப்பிட வந்தார், காய்ச்சல் என்று கையால் காட்டினேன். அவர் போய் இஞ்சி போட்ட பாலோடு வந்தார். பொய்க் காய்ச்சலுக்கு அதைக் குடிக்க வேண்டியதாய்ப் போயிற்று.

ஒரு சனிக்கிழமை பகல் சாப்பாட்டு நேரம் புஷ்பத்தின் போன் வந்தது. மஞ்சுளா போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள். டூங்கபியில் மகன் வீட்டில் இருக்கிறாராம். மலை வீட்டை விற்க ஆள் பார்க்கிறார்களாம்.

"ஞாபகத்துக்கு டெஸ்ட் எடுக்கப் போறாங்க மஞ்சு. மூணு சொல்லு சொல்லுவாங்களாம், அஞ்சு நிமிஷம் கழிச்சுத் திருப்பிச் சொல்லணுமாம். வார்டுல அறுபது பேஷண்டு மருந்த மனப்பாடமா வச்சிருந்தவ நான்." சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "என் கை விட்டது எனக்கு இன்னும் தெரியுது மஞ்சு. ஆனா மெஷின் நிக்குதே. அப்போ இன்னும் எதெல்லாம் நான் செஞ்சதா நினைச்சிட்டு இருக்கேனோ? அடுப்ப அணைச்சேனான்னு எழுந்து எழுந்து பார்க்கிறேன்."

கையிலிருந்த சோற்றைத் தட்டில் போட்டேன்.

"தங்கச்சி" என்றேன்.

"யாரு, அண்ணனா? பசியாறிட்டீங்களா?"

"தங்கச்சி, நீங்கள் பிடியை விட்டனீங்கள். நான் கண்ணால கண்டனான். மெஷின்தான் நிற்கேல்லை. நிற்காதபடி இறுக்கினது நான்."

மஞ்சுளாவின் கை அப்பளத்தோடு அந்தரத்தில் நின்றது. கேதீஸ் தட்டைப் பார்த்தபடி இருந்தார். இறுக்கினதையும், ரப்பரை விலக்கினதையும், தொடாமலே சுற்றினதைக் கண்டும் விட்டதையும் சொன்னேன். அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனபின் எல்லாவற்றையும் பழையபடி மாற்றி வைத்ததையும் சொன்னேன்.

"மகன் அஞ்சு தரம் பார்த்தது நான் மாத்தின மெஷினை, தங்கச்சி."

பிறகு, "ஜெரோம்! இங்க வா!" என்ற குரல். அப்படியொரு குரல் அந்தப் பெண்பிள்ளையிடம் இருந்ததே எனக்குத் தெரியாது.

"இவனுக்குத் தமிழ் பாதிதான் வரும். மஞ்சு, உங்கப்பா சொல்லட்டும், நீ இங்கிலீஷ்ல சொல்லு. ஒண்ணும் விடக்கூடாது."

நான் ஒரு வசனம், மகள் ஒரு வசனம். என் பிழையை நான் பெற்ற பிள்ளையின் வாயாலேயே, எனக்கு விளங்காத பாஷையில், ஒவ்வொரு துண்டாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். படம் அனுப்பிய பிள்ளை அவள். மாற்றி வைத்த இடம் வந்தபோது நான் நீளமாகச் சொன்னேன், அவள் நாலு சொல்லில் முடித்தாள்.

"முழுக்கச் சொல்லு பிள்ளை."

"அப்பா, அதையும் சொல்லவேணுமே?"

"சொல்லு. குறட்டைத் துடைச்சதையும் சொல்லு."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்.

ஜெரோம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதில் அம்மா என்ற சொல் இருந்தது. மஞ்சுளா என் பக்கம் திரும்பி, "அப்ப அம்மா சொன்னது முழுக்க உண்மையோ எண்டு—"

அவள் முடிக்க முதல் நான் போனுக்குக் கிட்டக் குனிந்து, "யெஸ்" என்றேன்.

அங்கே ஒரு கதிரை இழுபட்டது. புஷ்பம் மகனிடம் இங்கிலீசில் பேசத் தொடங்கினார். எனக்கு ஒரு சொல்லும் சொல்லவில்லை. மன்னிப்பு என்று நான் தொடங்கியது அவர் காதில் விழவுமில்லை. மஞ்சுளா எனக்கு விளக்க வாயெடுத்தாள், வேண்டாம் என்று கையைக் காட்டினேன். ஜெரோம் இடையில் என்னவோ சொல்லப் பார்த்தார், தாய் விடவில்லை. அவர் குரல் உயர்ந்துகொண்டே போனது, டெஸ்ட் என்ற சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது. சோறு காய்ந்த கையோடு நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.